துட்டி கேட்டல்

சங்கரன்கோவில் பக்கத்தில் யாரும் அனுதாபம் தெரிவிப்பதில்லை. துட்டி கேட்கப் போகிறார்கள். காலை பஸ்ஸில் நாலைந்து பேர் சேர்ந்தாற்போல் ஏறினால், 'எங்க, கூட்டமாக் கிளம்பிட்டீய?' என்று யாராவது கேட்பார்கள். 'கரிவலம்வந்தநல்லூர்ல ஒரு துட்டி. கேட்டுட்டு மத்தியானத்துக்குள்ள திரும்பீரலாம்னு' என்று பதில் வரும். திருநெல்வேலிச் சீமை முழுக்க வழங்குகிற சொல் இது. மற்ற ஜில்லாக்களில் துக்கம் விசாரித்தல் என்கிறார்கள். சொல் வேறானாலும் வினை ஒன்றுதான். சாவு வீட்டுக்குப் போகிறவன் கேட்கிறான். சொல்ல வேண்டியவர்கள் வீட்டுக்காரர்கள்.

என்றைக்குப் படுத்தார், கடைசியாக என்ன சாப்பிட்டார், யாரைத் தேடினார், எந்த டாக்டர் கைவிரித்தார் என்று மூத்த மகன் சொல்லிக்கொண்டே போவான். வந்தவர் துண்டை மடியில் போட்டுக்கொண்டு 'ம்' கொட்டுவார். அடுத்த கூட்டம் வந்து உட்கார்ந்ததும் அதே கதை முதலிலிருந்து தொடங்கும். சாயங்காலத்துக்குள் இருபது தடவை சொல்லியாகிவிடும். முதல் தடவை தொண்டை அடைத்த இடத்தை இருபதாவது தடவை அவன் தாண்டிப் போய்விடுவான். சொல்லச் சொல்ல அவன் கைக்கு ஒரு பிடி அகப்படுகிறது. வந்தவர்கள் கொடுத்துவிட்டுப் போவது இவ்வளவுதான். எழுந்து போகும்போது 'போயிட்டு வாறேன்' என்று சொல்லக்கூடாது. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சும்மா இறங்கி நடக்க வேண்டும்.

ஆங்கிலத்தில் இந்தக் காரியத்துக்கு வினையே வேறு. அங்கே துக்கத்தில் பங்குகொள்வது தெரிவிக்கப்படுகிறது, அனுப்பப்படுகிறது, ஏற்றுக்கொள்ளும்படி வேண்டப்படுகிறது. பேச வேண்டியவன் வெளியாள். இழந்தவன் நன்றி கூற வேண்டும். இந்த இரண்டு வினைகளுக்கும் நடுவில் நாம் நூற்றைம்பது வருஷங்களாகத் தடுமாறிக்கொண்டிருக்கிறோம். 'ஆழ்ந்த அனுதாபங்களைத் தெரிவித்துக்கொள்கிறேன்' என்ற தொடர் அந்தத் தடுமாற்றத்தில் பிறந்தது. அதில் 'ஆழ்ந்த' என்பது ஆங்கிலத்தின் ஆழம். துக்கத்துக்குத் தமிழில் பாரம் உண்டு, தீ உண்டு, புண் உண்டு. ஆழம் அவ்வளவாகக் கிடையாது. எழுதுகிறவர்கள் மத்தியில் இந்தத் தொடரைக் கேலி செய்யாதவர் யாருமில்லை. செத்த பாஷை, மேடைத் தமிழ், மொழிபெயர்ப்பின் சவம் என்றெல்லாம் சொல்லியிருக்கிறோம். நானும் சொல்லியிருக்கிறேன். இப்போது அவ்வளவு நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. ஏன் என்பதைத்தான் இங்கே பார்க்க வேண்டும்.

முதலில், தமிழில் சாவுக்குப் பாஷை இல்லாமலில்லை. தொல்காப்பியம் காஞ்சித் திணையில் அடுக்குகிற துறைகளைப் பார்த்தாலே போதும்: மன்னைக் காஞ்சி, முதுபாலை, கையறுநிலை, தாபதநிலை. இன்னின்னார் இன்னின்ன நிலையில் அழுவது என்று பெயரிட்டுப் பிரித்து வைத்திருக்கிறார்கள். ஆனால் இவற்றில் பேசுகிறவர் பெரும்பாலும் இழந்தவரே. பாரி மகளிர் தங்கள் தகப்பனுக்காகப் பேசுகிறார்கள். ஔவை அதியமானுக்காகப் பேசும்போது அவளும் இழந்தவள்தான். 'கை அற்ற நிலை' என்ற பெயரே அதைத்தான் சொல்கிறது. இழந்தவனிடம் வந்து நிற்கிற வெளியாள் என்ன சொல்ல வேண்டும் என்பதற்குத் துறை வகுத்ததாகத் தெரியவில்லை. இன்றைக்கு அரசாணைகளிலும் பத்திரிகைகளிலும் புழங்கும் 'இரங்கல்' கூட அகத்திணைக்குரிய சொல். நெய்தல் நிலத்தில், கடற்கரையில், வராதவனை நினைத்து ஒருத்தி தனக்குத்தானே புலம்புவதற்கு இட்ட பெயர். தனித்தமிழ்க்காரர்கள் அனுதாபத்தை விரட்டிவிட்டு அந்த இடத்தில் இதைக் கொண்டுவந்து உட்கார்த்தியதில் சொல் தமிழாயிற்று. வாக்கியத்தின் எலும்பு அப்படியே இருக்கிறது.

வெளியாள் வந்து நிற்பதற்குச் சங்கப் பாடல்களில் ஒரு பெரிய உதாரணம் உண்டு. கோப்பெருஞ்சோழன் வடக்கிருக்கிறான். பாண்டிய நாட்டுப் பிசிரிலிருந்து ஆந்தையார் வருவார், அவருக்கு இடம் ஒழித்து வையுங்கள் என்கிறான். இருவரும் அதுவரை சந்தித்ததில்லை. அவர் வருகிறார், உட்காருகிறார், உயிர் விடுகிறார். என்ன பேசிக்கொண்டார்கள் என்று யாரும் நமக்குச் சொல்லவில்லை. கேட்கவும் தோன்றுவதில்லை. வார்த்தைக்குப் பதிலாக அங்கே ஓர் இடம் இருக்கிறது. இந்த 'இடம்' என்ற விஷயத்துக்குப் பின்னால் திரும்ப வர வேண்டியிருக்கும்.

அச்சு வந்த பிறகு சரமகவிகள் வந்தன. பெரிய மனிதர் யாராவது இறந்தால் வித்துவான்கள் வெண்பாவும் விருத்தமும் எழுதி அச்சிட்டு வழங்குவார்கள். பாரதி இளவயதில் எட்டயபுரத்துச் சுப்பராம தீட்சிதருக்கும் ஓவியர் ரவிவர்மாவுக்கும் இரங்கற்பாக்கள் எழுதியிருக்கிறார். இருவரும் இறந்தது 1906இல். அவற்றையும் அவருடைய மற்றக் கவிதைகளையும் அடுத்தடுத்து வைத்துப் படித்தால் அந்த வடிவம் எவ்வளவு களைத்துப்போயிருந்தது என்பது தெரியும். அதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை.

விக்டோரியா காலத்து இங்கிலாந்தில் துக்கம் ஒரு ஸ்டேஷனரிச் சரக்கு. கறுப்புக் கரையிட்ட காகிதம், கறுப்புக் கரையிட்ட உறை. இறந்து நாளாக ஆகக் கரையின் அகலத்தைக் குறைத்துக்கொண்டு வரவேண்டும் என்று சம்பிரதாயம். ராணியோ 1861இல் ஆல்பர்ட் இறந்தது முதல் தான் சாகும்வரை, நாற்பது வருஷம், கறுப்புக் கரைக் காகிதத்தை விடவில்லை. லிங்கன் கொல்லப்பட்ட 1865இல் அவருடைய மனைவிக்கு அவள் ஒரு கடிதம் எழுதினாள். ஒரு தேசத்தின் ராணி இன்னொரு தேசத்துத் தலைவரின் மனைவிக்கு எழுதுவதாக அல்லாமல், ஒரு கைம்பெண் இன்னொரு கைம்பெண்ணுக்கு எழுதுவதாகவே அந்தக் கடிதம் அமைந்திருக்கிறது. முன்பின் பார்த்திராதவர்கள், கடல் நடுவே. நேரில் வரமுடியாதவர்களுக்கு என்றே இந்த வடிவம் உருவாகியிருக்கிறது.

அந்தக் கடிதங்களை அவர்கள் கட்டிப் பெட்டியில் வைத்தார்கள். நம் வீடுகளில் சாவுக் கடிதத்தைப் படித்த கையோடு கிழித்து எறிந்துவிட வேண்டும். கருமாதிப் பத்திரிகை வீட்டுக்குள் இருக்கக்கூடாது. கல்யாணக் கடிதத்தின் முனையில் மஞ்சள் தடவி மாடக்குழியில் வருஷக்கணக்கில் வைத்திருப்பவர்கள் இதை வாசற்படியிலேயே தீர்த்துவிடுவார்கள். இதனால் ஒரு வினோதம் நேர்ந்திருக்கிறது. நம் தாத்தாக்களின் துக்கம் எழுத்தில் எங்காவது மிஞ்சியிருக்கிறதென்றால், அது கச்சேரி ஃபைல்களிலும் கூட்டத் தீர்மானப் புத்தகங்களிலும் ஆங்கிலத்தில் மிஞ்சியிருக்கிறது. அவர்கள் எந்தப் பாஷையில் அழுதார்களோ அதில் எழுதியது காற்றோடு போயிற்று. ஒப்பாரியைச் சேகரித்தவர்கள் கொஞ்சம் மீட்டார்கள். அது பெண்களின் குரல். ஆண்பிள்ளைகளின் துக்கத்துக்கு ஆவணம், நமக்குப் பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும், 'இக்கூட்டம் தனது ஆழ்ந்த...' என்று தொடங்குகிற தாள்கள்தான்.

அனுதாபக் கூட்டம் என்ற நிறுவனமும் ஆங்கிலேயரிடமிருந்து வந்ததே. தலைவர், தீர்மானம், முன்மொழிதல், வழிமொழிதல், குடும்பத்தாருக்குப் பிரதி. கடைசியில் எழுந்து நின்று இரண்டு நிமிஷ மௌனம். இந்த மௌனத்துக்குப் பிறந்த தேதிகூட உண்டு. முதல் உலக யுத்தம் ஓய்ந்த முதலாம் ஆண்டு நிறைவான 1919 நவம்பர் 11 அன்று சாம்ராஜ்யம் முழுதும் அனுஷ்டிக்கச் சொல்லி ஜார்ஜ் மன்னர் கேட்டுக்கொண்டதிலிருந்து அது பரவியது. துட்டி வீட்டு மௌனத்துக்குக் கடிகாரம் கிடையாது. நம் கூட்டங்களில் ஒன்றரை நிமிஷத்திலேயே தலைவர் இருமிவிடுகிறார் என்பது வேறு விஷயம்.

பள்ளிக்கூடத்தில் இதை ஆங்கிலப் பாடமாகவே படித்தோம். 'உன் நண்பனின் தந்தை இறந்துவிட்டார். அவனுக்கு ஆறுதல் கூறி ஒரு கடிதம் எழுது' என்பது ஆங்கில இரண்டாம் தாளில் நிரந்தர விருந்தாளி. சங்கரன்கோவிலில் தறிச்சத்தத்துக்கு நடுவே உட்கார்ந்து, செய்தி கேட்டுத் திடுக்கிட்டேன், காலம்தான் புண்ணை ஆற்றும், கடவுள் உனக்குத் தாங்கும் சக்தியை அருள்வாராக என்று ஆங்கிலத்தில் நெட்டுருப் போட்ட பையன்களில் நானும் ஒருவன். விலாசம் எழுதினால் ஒரு மார்க், கையெழுத்துக்கு அரை மார்க். தமிழ்த் தாளிலும் கடிதம் உண்டு. சுற்றுலா போனதை விவரித்து மாமாவுக்கு எழுதச் சொல்வார்களே ஒழியச் சாவுக்கு எழுதச் சொன்னதாக எனக்கு நினைவில்லை. பக்கத்து பெஞ்சுக்காரனின் அப்பா நிஜமாகவே இறந்துபோனபோது நாங்கள் ஏழெட்டுப் பேர் அவன் வீட்டு வாசலில் போய் நின்றோம். ஒருவனுக்கும் ஒரு வார்த்தை வரவில்லை. அவன் அம்மா எங்களைப் பார்த்து, 'சாப்பிட்டீயளா?' என்று கேட்டாள்.

பாரதி புதுச்சேரியிலிருந்து தம்பி விசுவநாதனுக்கு எழுதிய கடிதம் ஒன்று பிரசித்தம். இனிமேல் ஆங்கிலத்தில் எனக்குக் கடிதம் எழுதாதே; கொச்சையாக இருந்தாலும் தமிழில் எழுது, அதுவும் முடியாவிட்டால் சமஸ்கிருதத்திலாவது எழுது என்கிறார். எப்போதும் இதைப் பாஷாபிமானத்துக்கு உதாரணமாகக் காட்டுகிறார்கள். அண்ணனுக்குத் தம்பி ஆங்கிலத்தில் எழுதுவது அவ்வளவு சகஜமாகிவிட்டிருந்தது என்பதற்கும் அது சாட்சி. படித்த குடும்பங்களில் தாயாருக்குத் தமிழில் எழுதினார்கள். தகப்பனாருக்கும் சகோதரர்களுக்கும் ஆங்கிலத்தில் எழுதினார்கள். மனசு திறக்க வேண்டிய இடத்தில் ஆங்கிலம் ஒரு மேல்துண்டு மாதிரி உதவியிருக்க வேண்டும். தமிழில் எழுதினால் உடைந்துவிடுவோமோ என்ற பயம் இருந்தவர்களுக்கு அது தைரியம் கொடுத்தது. இதைப் போலித்தனம் என்று மட்டும் சொல்லித் தள்ளிவிட முடியுமா?

ஆனால் ஜனங்களுக்கு ஆங்கிலச் சாவு அறிமுகமானது கடிதத்தால் அல்ல. தந்தியால்.

1850களின் நடுவில் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டு 2013 ஜூலையில் மூடப்படும்வரை இந்த நாட்டில் தந்தி பெரும்பாலும் ரோமன் எழுத்தில்தான் ஓடியது. 1949இல் தேவநாகரி சேர்ந்தது. தமிழ் எழுத்தில் தந்தி என்பது நம் தபாலாபீஸ்களில் வழக்கத்துக்கு வரவேயில்லை. வார்த்தைக்கு இவ்வளவு என்று கட்டணம். அதனால் சாவு இரண்டு மூன்று வார்த்தைகளாகச் சுருங்கிற்று. 'மதர் சீரியஸ், ஸ்டார்ட் இமீடியட்லி.' இதில் 'சீரியஸ்' என்றால் கவலைக்கிடம் என்று அர்த்தமில்லை. ஆள் போய்விட்டார் என்று அர்த்தம். அனுப்புகிறவனுக்கும் தெரியும், வாங்குகிறவனுக்கும் தெரியும். வழியில் ரயிலிலிருந்து விழுந்துவிடாமல் வந்து சேரட்டும் என்று உண்மையை ஒரு வார்த்தைக்குள் ஒளித்து வைத்தார்கள். இங்கிலாந்து டாக்டரின் சொல்லுக்குள் நம் ஊர்க் கிழவிகளின் சூட்சுமம் புகுந்துகொண்டது. அதேபோல 'எக்ஸ்பயர்டு'. இரண்டு வார்த்தையாகச் சொன்னால் இரண்டு வார்த்தைக்குக் காசு. ஒன்றாகச் சொன்னால் ஒன்றுக்குத்தான். ஆங்கிலேயன் குத்தகைக்கும் பயணச்சீட்டுக்கும் சொல்கிற சொல்லை நாம் அப்பாவுக்குச் சொல்லப் பழகியதற்கு இந்தச் சிக்கனமும் ஒரு காரணம் என்று நான் ஊகிக்கிறேன்.

தந்திச் சேவகன் தெருவுக்குள் சைக்கிளைத் திருப்பினாலே அழுகை கிளம்பிவிடும். படித்துச் சொல்ல ஆள் வேண்டும். வாத்தியாரையோ போஸ்ட் மாஸ்டரையோ தேடி ஓடுவார்கள். தன் தாய் செத்த செய்தியைப் பிறத்தியார் வாயால், மொழிபெயர்ப்பில், தெருவில் நின்று கேட்டுத் தெரிந்துகொண்ட தலைமுறைகள் இரண்டு மூன்று போயிருக்கின்றன. அந்த வாத்தியார் தாளைப் பார்த்துவிட்டு ஒரு கணம் பேசாமல் நின்றிருப்பாரே, அந்தக் கணத்தைப் பற்றி நம் கதாசிரியர்கள் இன்னும் நிறைய எழுதியிருக்கலாம். நல்ல செய்திக்கும் தந்தி வரும் என்பதைத் தபால் இலாகா எவ்வளவோ பிரயத்தனப்பட்டுச் சொல்லிப் பார்த்தது. தீபாவளிக்கு, கல்யாணத்துக்கு, பரீட்சையில் தேறியதற்கு என்று எண் போட்ட வாழ்த்து வாசகங்களை அச்சிட்டு ஒட்டினார்கள். எண்ணை எழுதினால் போதும், வாசகம் போய்ச் சேரும். இரங்கலுக்கும் அந்த அட்டவணையில் ஒரு வாசகம் இருந்தது. நம் ஜனங்களுக்குத் தந்தி என்றால் கடைசிவரை சாவுதான். 1942இல் ஆதித்தனார் மதுரையில் ஆரம்பித்த தினசரிக்குத் 'தந்தி' என்று பெயரிட்டபோது அவர் மனதில் இருந்தது வேகம். ஆனால் இன்று அந்தப் பத்திரிகையைக் கையிலெடுத்தவுடன் 'கண்ணீர் அஞ்சலி'ப் படங்களைத் தேடுகிறவர்கள் எங்கள் பக்கத்தில் அநேகர்.

விருதுநகர்–தென்காசி ரயில் பாதை 1927இல் திறக்கப்பட்ட பிறகு சங்கரன்கோவிலிலிருந்து கிளம்புவது சுலபமாயிற்று. திரும்புவது அவ்வளவு சுலபமாகவில்லை. கொழும்பில் கடை வைத்திருந்த திருநெல்வேலிக்காரருக்குத் தந்தி போனால் அவர் ரயிலேறித் தலைமன்னார் வந்து, கப்பலேறித் தனுஷ்கோடி இறங்கி, மறுபடி ரயிலேறி ஊருக்கு வருவதற்குள் சாம்பல் ஆறிப்போயிருக்கும். 1914இல் தொடங்கிய அந்தக் கப்பல் வழியும் 1964 டிசம்பர்ப் புயலோடு போயிற்று. துட்டி கேட்க வரமுடியாதவர்கள் என்று ஒரு கூட்டமே உண்டாகிவிட்டது. சம்பிரதாயம் இவர்களுக்கு ஒரு வழியும் வைத்திருக்கவில்லை. வராதவன் வராதவன்தான், அதை வருஷக்கணக்கில் மனதில் வைத்துப் பேச்சுவார்த்தையை நிறுத்திய உறவுகளை எல்லோரும் அறிவோம். அவன் அனுப்பிய இரண்டு வரித் தந்தி, அது எந்தப் பாஷையில் இருந்தால் என்ன, வாசற்படிவரை வந்து நின்றது.

இனி 'இடம்' பற்றி. துட்டி வீட்டில் எல்லோருக்கும் இடம் உண்டு என்று நினைத்துவிடக்கூடாது. நான் மேலே வர்ணித்த அந்த அழகான மௌனத்துக்கு ஒரு வரைபடம் உண்டு. பங்காளி எங்கே உட்காருவது, சம்பந்தி யாரைக் கட்டிக்கொண்டு அழுவது, கோடி யார் போடுவது, நீர்மாலைக்கு யார் போவது, எல்லாம் தீர்மானமானது. அந்த வரைபடத்தில் வேற்று ஜாதி நண்பன் என்று ஒரு புள்ளி கிடையாது. தாழ்த்தப்பட்டவர்களுக்கு இடம் இருந்தது. துக்கப்படுகிறவர்களாக அல்ல, வேலைக்காரர்களாக. இழவு சொல்லிப் போவது அவர்கள் தலையில் கட்டப்பட்ட காரியம். வெயிலில் ஊர் ஊராக நடந்து, ஒவ்வொரு வாசலிலும் தள்ளி நின்று, இன்னார் வீட்டில் இன்னார் போய்விட்டார் என்று குரல் கொடுத்துவிட்டு அடுத்த ஊருக்கு நடக்க வேண்டும். பிறகு பறையடிக்க வேண்டும், குழி வெட்ட வேண்டும், விறகு அடுக்க வேண்டும். தமிழ்நாட்டில் தலித் இயக்கங்கள் 'இனிச் சாவுச் சேதி சொல்ல மாட்டோம், பறையடிக்க மாட்டோம்' என்று சொன்னதற்காக அடிபட்டிருக்கிறார்கள், குடிசைகளை இழந்திருக்கிறார்கள். தபாலும் தந்தியும் இந்த வேலையைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடுங்கிக்கொண்டதை நாம் நவீனத்தின் வறட்சி என்று எழுதுகிறோம். நடந்து நடந்து கால் தேய்ந்தவனின் பேரன் அப்படி எழுதமாட்டான்.

இதே பேரன் மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்து, உத்தியோகம் பார்த்து, தன் தாத்தா கைகட்டி நின்ற வீட்டில் ஒரு சாவு என்று கேள்விப்பட்டால் என்ன செய்வான்? அந்த வீட்டில் ஒருவன் அவனோடு கூடப் படித்திருக்கலாம். துக்கம் நிஜமாக இருக்கலாம். போனால் எங்கே நிற்பது என்ற கேள்வி துக்கத்துக்கு முன்னால் வந்து நிற்கும். தமிழில் எழுதினாலோ முதல் வரியிலேயே சிக்கல். 'நீ' என்பதா, 'நீங்கள்' என்பதா, 'ஐயா' என்பதா? சமூகம் என்று தொடங்கி அடியேன் என்று முடிப்பதா? ஆங்கிலத்தில் எல்லோருக்கும் ஒரே முன்னிலைதான். அன்புள்ள இன்னாருக்கு, உங்கள் இழப்பில் பங்குகொள்கிறேன், இப்படிக்கு இன்னார். பங்கு கொள்வதற்கு முதலில் சமமாக இருந்தாக வேண்டும். அந்தத் தேய்ந்த வாசகம் அந்தச் சமத்துவத்தைக் கேட்காமலே எடுத்துக்கொள்கிறது. பிற்பாடு அது தமிழில் மொழிபெயர்க்கப்பட்டு 'ஆழ்ந்த அனுதாபங்கள்' ஆனபோதும் அந்தக் குணம் போகவில்லை. யார் வேண்டுமானாலும் யாருக்கு வேண்டுமானாலும் சொல்லலாம். காலியாக இருக்கிறது என்று நாம் கேலி செய்த வாக்கியத்தில் காலியிடம் இருந்தது என்பதைக் கவனிக்கத் தவறினோம்.

ஒரு அசட்டுத்தனத்தையும் சொல்லியாக வேண்டும். ஆங்கிலத்தில் 'சாரி' துக்கத்துக்கும் மன்னிப்புக்கும் ஒரே சொல். சாவு வீட்டில் யாராவது 'சாரி' சொன்னால், இவன் என்ன செய்தான், ஏன் மன்னிப்புக் கேட்கிறான் என்று நம் கிழவிகளுக்குத் தோன்றும். மொழிபெயர்ப்பு நாவல்களில் பாத்திரங்கள் சவப்பெட்டிக்குப் பக்கத்தில் நின்று 'மன்னியுங்கள்' என்பதைப் படித்திருக்கிறோம். தமிழ் இந்த இரண்டையும் தனித்தனியாக வைத்திருக்கிறது. ஆனால் இரண்டும் தனியாகப் பிரியாத சாவுகளும் உண்டு. அப்படி ஒன்று எங்கள் ஜில்லாவில் நடந்தது.

1911 ஜூன் 17. மணியாச்சி ஜங்ஷன். திருநெல்வேலி கலெக்டர் ஆஷ், மனைவி மேரியோடு கொடைக்கானலில் இருந்த குழந்தைகளைப் பார்க்கப் போகிற வழியில் முதல் வகுப்புப் பெட்டியில் உட்கார்ந்திருக்கிறார். செங்கோட்டை வாஞ்சிநாதன் பெட்டியில் ஏறி அவரைச் சுட்டுவிட்டு, ஓடிப்போய் ஸ்டேஷன் கக்கூஸில் தன்னையும் சுட்டுக்கொள்கிறான். வாஞ்சிக்கு அப்போது இருபத்தைந்து வயது. ஆஷைப் பாளையங்கோட்டையில் புதைத்தார்கள். தூத்துக்குடியில் ஞாபகார்த்த மண்டபம் எழும்பிற்று. அப்புறம் கைதுகள், சதி வழக்கு, நீலகண்ட பிரம்மச்சாரி முதலான பதினாலு பேர்மேல் விசாரணை. சரித்திரப் புஸ்தகங்களில் இவை இருக்கின்றன.

எனக்கு உறுத்துவது வேறு. அன்று காலை ஒரே ஸ்டேஷனில் சில நிமிஷ இடைவெளியில் இரண்டு பெண்கள் கைம்பெண்கள் ஆனார்கள். மேரிக்கு விதிப்படி எல்லாம் கிடைத்திருக்கும். கலெக்டர் இறந்தால் ராஜவிசுவாசிகள் கூட்டம் போட்டு ஆங்கிலத்தில் தீர்மானம் நிறைவேற்றி அனுப்புவது அன்றைய கடமை. அவற்றில் எத்தனை துக்கம், எத்தனை பயம் என்று பிரித்துப் பார்க்க முடியாது. செங்கோட்டையில் பொன்னம்மாள் வீட்டுக்குத் துட்டி கேட்க யார் போயிருப்பார்கள்? செங்கோட்டை அப்போது திருவிதாங்கூரைச் சேர்ந்தது. 1956இல்தான் இந்தப் பக்கம் வந்தது. ஆனால் போலீசுக்கு எல்லை கிடையாது. தெருவில் யார் யார் அந்த வீட்டுப் படியேறுகிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருக்கும்போது, நூற்றாண்டுகளாகப் பழகிய மௌனமும் துண்டும் எதற்கு உதவும்? துட்டி கேட்கும் முறை ஊர் ஒத்துக்கொண்ட சாவுகளுக்குத்தான். இங்கிலாந்து ராணி அமெரிக்கக் கைம்பெண்ணுக்கு எழுதியது போல இவள் அவளுக்கோ அவள் இவளுக்கோ எழுதக்கூடிய ஒரு வரி, தமிழிலும் சரி ஆங்கிலத்திலும் சரி, அப்போது இருந்திருக்க முடியாது.

அந்த வரி எழுதப்பட நூறு வருஷம் ஆயிற்று. ஆஷைப் பற்றி ஆராய்ந்து எழுதிய ஆ. இரா. வேங்கடாசலபதி ஆஷின் வம்சத்தாரைத் தேடிப் பிடித்தார். அவர்கள் அவர் வழியாக வாஞ்சியின் குடும்பத்தாருக்கு ஆங்கிலத்தில் ஒரு சிறு செய்தி அனுப்பினார்கள். சமாதானத்தையும் நட்பையும் சொல்லும் செய்தி. வாஞ்சியை ஒரு லட்சியவாதி என்று ஒப்புக்கொள்கிறது. அவன் செய்கையால் நாலு குழந்தைகள் தகப்பனை இழந்ததையும் ஒருத்தி கணவனை இழந்ததையும் மறைக்காமல் சொல்கிறது. அதன் நடை சாதாரண ஆங்கில இரங்கல் கடிதத்தின் நடை. பரீட்சைக்கு நாங்கள் நெட்டுருப் போட்டதற்கும் அதற்கும் தூரம் அதிகமில்லை. யார் யாருக்குத் துக்கம் சொல்வது, யார் யாரிடம் மன்னிப்புக் கேட்பது என்று பிரிக்க முடியாத இடத்தில் அது நிற்கிறது. அந்தப் படியில் நிற்க நம் சம்பிரதாயத்தில் யாருக்கும் இடமில்லை. நம் வீரவணக்க மேடைகளில் இந்தச் செய்தி அதிகம் பேசப்பட்டதாகத் தெரியவில்லை. பேசாததே நல்லது என்றும் தோன்றுகிறது.

இப்போது சங்கரன்கோவில் தென்காசி மாவட்டத்தில் இருக்கிறது. தந்தி நின்றது, அந்த இடத்துக்கு ஃபோன் வந்துவிட்டது. சாவுச் செய்தி வந்த நிமிஷத்திலேயே 'ஆர்.ஐ.பி.' என்ற மூன்று எழுத்தும் கும்பிடும் கை இரண்டும் வரிசையாக விழுகின்றன. அம்மூன்றும் ரோமன் கத்தோலிக்கப் பிரார்த்தனையின் எழுத்துகள் என்பதைப் பற்றி யாரும் கவலைப்படுவதில்லை. தெருமுனையில் ஃப்ளெக்ஸ் பலகை கட்டுகிறவர்களுக்கு வேறு கவலை: சைவரானால் சிவலோக பதவி, வைஷ்ணவரானால் வைகுண்ட பதவி என்று போட வேண்டும். அரனும் அரியும் பாதிப்பாதியாக நிற்கிற கோயிலுக்கு எதிரே நின்றுகொண்டு இதை விசாரிக்கிறார்கள். சில வீடுகளில் 'இயற்கை எய்தினார்.' கிறிஸ்தவ வீடானால் 'கர்த்தருக்குள் நித்திரை.'

போன மாசம் ஒரு நாள் விடிகாலை பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டிருந்தேன். பெரியவர்கள் நாலு பேர், கையில் மாலைப் பொட்டலமும் கோடித் துணியும், புளியங்குடிப் பக்கம் ஒரு துட்டிக்குக் கிளம்பியிருந்தார்கள். கூட ஒரு பையன், கல்லூரியில் படிக்கிறவன் போலிருந்தது. இறந்தவரின் பேரன் அவனுடைய சிநேகிதனாம். வேறு ஜாதி என்பது பேச்சிலிருந்து தெரிந்தது. ஃபோனில் எதையோ ஆங்கிலத்தில் அடித்தான், அழித்தான், மறுபடி அடித்தான். பஸ் வந்தது. பெரியவர்களில் ஒருவர் படியில் காலை வைத்துக்கொண்டு திரும்பி, 'ஏலே, நீயும் வாறியா?' என்று கேட்டார்.

பையன் ஃபோனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, 'நான் எங்க உக்காரணும்?' என்றான்.

'வா, பாத்துக்கிடலாம்' என்றார் அவர்.